பிறந்த வீட்டுக் கோடி

அன்பு மகளுக்கும் மகனுக்கும், இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர், நண்பர் எல்லோருக்கும் வணக்கம். உங்கள் அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்று, பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தே காலம் போக்கியவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் அம்மாவைப் பற்றி நான் எழுதாவிட்டால் பாதி உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

அம்மா பிறந்தது இந்தியாவில், நீலகிரிப் பக்கத்துக் கோத்தகிரியில். அம்மாவைப் பெற்றவர்கள் பிறந்ததோ இலங்கையில், கண்டிப் பக்கத்துப் புசல்லாவையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். நம் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அங்கேயும் போய்ச் சேர்ந்தது தேயிலைக் காட்டுக்குத்தான். ஊரில் அவர்கள் வீட்டுக்கு "சிலோன்காரர் வீடு" என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் அம்மா நாற்காலியைக் கதிரை என்று சொல்ல, வகுப்பே சிரித்ததாம். வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டா சம்பலும். மழை பெய்தாலும், "இதெல்லாம் ஒரு மழையா, கண்டி மழையப் பாத்திருக்கணும்" என்பாராம் உங்கள் தாத்தா. பார்க்காத ஊரின் மழையைக் கேட்டே அம்மா வளர்ந்தார்.

தாத்தா இறந்த பிறகு, தையல் வேலையில் மிச்சம் பிடித்து, அம்மா தனியாகக் கண்டிக்கு வந்தார். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். தோட்டங்களுக்குப் பலகையில் ஓர் இங்கிலீஷ் பெயரும் நம் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கும் அல்லவா? அம்மாவுக்குத் தெரிந்தது தாத்தா சொன்ன தமிழ்ப் பெயர் மட்டும்.

கண்டி பஸ் நிலையத்தில் நான் "கம்பளை, புசல்லாவ" என்று கூவிக்கொண்டிருந்தேன். அம்மா ஏறி, "நரிக்கல் தோட்டத்துக்கு ஒரு டிக்கெட்" என்றார். எனக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. சத்தமாகக் கேட்டேன். பஸ்ஸே கூடிப் பேசியது.

"நரிக்கல்லா? அது நுவரெலியாப் பக்கம்" என்றார் முன்சீட்டுப் பெரியவர்.

"தெரியாட்டி சும்மா இருங்க. எங்க தோட்டத்துக் கீழ்ப்பிரிவத்தான் அந்தக் காலத்துல அப்பிடிச் சொன்னாக" என்றார் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

"இந்தியாவுல இருந்து வாறேன். எங்கப்பா இங்க பொறந்தவரு."

"இந்தியாவா? பேச்சக் கேட்டா நம்ம லயத்துப் புள்ள மாதிரியில்ல இருக்கு."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்சக் காசு கொடுக்கப் போனபோதுதான் அழுகிறார் என்று கண்டேன்.

லயத்தில் தாத்தா பிறந்த காம்பராவில், அந்த ஒற்றை அறையில், வேறு குடும்பம் இருந்தது. இன்று நீங்கள் லயத்து மாமா, அத்தை என்று கூப்பிடுகிறவர்கள்தான். அன்றைக்கு அத்தை வாசலை மறித்து நின்றாராம். அத்தையே சொல்லிச் சிரித்ததை எழுதுகிறேன்.

"காம்பராவக் கேக்க வந்தியா? இப்ப இது எங்க பேருல இருக்கு."

"வீடு வேணாம் அண்ணி. ஒருவாட்டி உள்ள வந்து பாத்துட்டுப் போயிர்றேன்."

"நா எப்ப ஒனக்கு அண்ணியானேன்?"

"எங்கப்பா பொறந்த வீட்டுல இருக்கிறவரு எனக்கு அண்ணன்னா, அவரு பொஞ்சாதி அண்ணிதான?"

உள்ளே படுத்திருந்த மாமா எழுந்து வந்து, "விடு, வாய்க்காரியா இருக்கு. தேத்தண்ணி ஊத்து" என்றாராம்.

அதன் பிறகு, ஒரு மாதம் போயும் திரும்பாமல் கண்டியிலேயே தங்கி, ஞாயிறு தவறாமல் அம்மா என் பஸ்ஸில் அந்த லயத்துக்குப் போய் வந்தார். எங்கள் கல்யாணம் எப்படி முடிந்தது என்பதை அத்தை உங்களுக்கு நடித்தே காட்டியிருக்கிறார். நான் எழுத வேண்டியதில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ரவிக்கை தைத்து அம்மா உங்களைப் படிக்க வைத்தார். கடன் சொன்னவர்களுக்கும் முகம் சுளிக்காமல் தைத்தார். பெற்றவர்கள் பிறந்த நாட்டில் வருடா வருடம் விசா நீட்டிக்க அலைந்தார். தெருவில் அவர் "இந்தியாக்கார அக்கா". "அங்க சிலோன்காரி, இங்க இந்தியாக்காரி. அளவெடுக்காமத் தச்ச சட்ட மாதிரி எங்கயும் சேர மாட்டேங்கிறேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் தோட்டத்துத் திருவிழாவில், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் பிறந்த வீட்டுக்கு வந்து மாவிளக்கு எடுக்கும்போது, அம்மா ஒதுங்கியே நிற்பார். அத்தை கூப்பிட்டாலும் போக மாட்டார். "யாராச்சும் நீ எந்த வீட்டுப் புள்ளன்னு கேட்டா என்னங்க சொல்றது?" என்று என்னிடம் கேட்பார்.

பிறகு நோய் வந்தது. வலியை உங்களுக்குக் காட்டாமலே போய்ச் சேர்ந்தார்.

பெண் இறந்தால் பிறந்த வீட்டார் புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அந்தக் கோடி விழாமல் பெட்டியை மூடுவதில்லை. கோத்தகிரியில் இருக்கும் அம்மாவின் தம்பிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. போனில் அழத்தான் முடிந்தது. அன்று மத்தியானம் தெருப் பெண்கள் என்னிடம் வந்தார்கள்.

"நேரமாகுது தம்பி. கடையில ஒரு சேல வாங்குங்க. பொறந்த வீட்டுக் கோடின்னு ஒங்க தங்கச்சியே போடட்டும்."

அவர்கள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தன் அப்பா பிறந்த ஊரைத் தேடிக் கடல் கடந்து வந்தவருக்கு இங்கே பிறந்த வீடு இல்லை என்று நானே ஊருக்குச் சொல்வதுபோல் ஆகிவிடுமே. இருந்தாலும் வேறு வழி தெரியாமல் தங்கையைக் கூப்பிட்டேன்.

அப்போது தெரு முனையில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. ஒரு லொறி நின்றது. லயத்துச் சனம் இறங்கியது. மாமாவின் தலையில் தாம்பாளம், அதில் சேலை, தேங்காய், பூ. யாரும் உள்ளே வரவில்லை. நான் ஓடினேன்.

"மாப்ள, பொறந்த வீட்டாளுக வந்து நிக்கிறோம். மொறப்படி கூட்டிட்டுப் போங்க" என்றார் மாமா.

தெரு முனையிலேயே பேச்சைக் கேட்டிருந்த அத்தை, தெருப் பெண்களைப் பார்த்து, "யாரோ கடைச் சேல வாங்கப் போறாகளாமே? எங்க வீட்டுப் புள்ளைக்கு அண்ணன் இருக்கப்பவேயா?" என்றார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

மாமா கோடி போர்த்தியதை மகன் போனில் அம்மாவின் தம்பிக்குக் காட்டினான். மாமாவும் அவரும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

"நா வந்து போட வேண்டியதண்ணே" என்று அவர் அழுதார்.

"அழாத தம்பி. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் போட்டேன்" என்றார் மாமா.

அம்மா படுத்திருந்த நாட்களில் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா குடும்பத்துக்கும், பந்தல் போடத் தன் முற்றத்தையே விட்டுத்தந்த வீட்டுக்காரரான சிங்கள மாத்தயாவுக்கும், ஆஸ்பத்திரியில் கவனித்தவர்களுக்கும், கூட நின்ற தெருச் சனத்துக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். லயத்து மாமாவுக்கும் அத்தைக்கும் நன்றி சொன்னால் அத்தை ஏசுவார். அதனால் சொல்லவில்லை.

கோத்தகிரி மாமா பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். இந்தத் திவசத்துக்கு வருகிறார். நேரே இங்கேதானே வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். மொதல்ல புசல்லாவைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறேன். பொறந்த வீட்டாளுக தனித்தனியாவா வாறது? சேந்தே வாறோம்" என்றார்.

பிள்ளைகளே, அவர்கள் வரும்போது நீங்கள் இருவரும் தெரு முனைக்குப் போய் முறைப்படி அழைத்து வாருங்கள்.