என் ஓர்ப்படியின் நூற்றிருபது

என் ஓர்ப்படிக்கு ரத்த அழுத்தம் எப்போது பார்த்தாலும் நூற்றிருபதுக்கு எண்பது. எனக்கு நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. ஸ்ரீவராகம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் என் கணவரின் தம்பியும் அவளும். சமையலறை பொது. ஒரே உப்பு, ஒரே புளி. அவளோ வடுமாங்காயைத் தட்டோரம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவளத்துக்கும் கடிப்பாள். நான் மோர் சாதத்தைக்கூட உப்பில்லாமல் விழுங்குவேன். பின்னே எனக்கு மட்டும் ஏன்?

ஞாயிறு காலையில் என் கணவர் மிஷினை எடுத்து வைப்பார். செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் உரக்கப் படித்தால்தான் அவருக்குத் திருப்தி. கையில் பட்டையைச் சுற்றி, தலையணை மேல் நெஞ்சுயரத்துக்குக் கையை வைக்கச் சொல்லி, பேசக் கூடாது என்று மிரட்டிவிட்டு, எண்ணை வாசலுக்குக் கேட்கும்படி அறிவிப்பார். பால்காரிக்குக்கூட என் எண் தெரியும். "இன்னைக்கும் கூடுதல் தன்னே, மாமி?" என்று மலையாளம் கலந்து கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் பொறுமைசாலி. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம்தான் மேல் எண் என்றார். அடுத்த துடிப்புக்கு முன் அது தளர்ந்து நிரம்பும்போது மிச்சமிருப்பது கீழ் எண். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் பாதி அடைத்தால் பின்னால் குழாய் விறைத்துக்கொள்கிறதே, அப்படித்தான் சின்ன ரத்தக்குழாய்கள் இறுகினால் அழுத்தம் ஏறுமாம். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓடுகிற ரத்தமும் கூடும். வலியே இருக்காது, ஆனால் மூளையும் சிறுநீரகமும் அடிவாங்கும் என்றார். என் கண்ணுக்குள் ஒரு சின்னக் குழாய் ஏற்கெனவே கசிந்திருந்தது. இனி மாத்திரை போடாவிட்டால் பார்வைக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்.

மாட்டேன் என்றேன். அவள் போடாத மாத்திரையை நான் எதற்குப் போட வேண்டும்? வயதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. போதாக்குறைக்கு தினமும் காலையில் அவள் கணவர் இறங்கி வந்து அவளுக்கான காபியைத் தானே மாடிக்கு எடுத்துப் போவார். ஒரு கையில் டம்ளர், மறுகை மூடியபடி இருக்கும். இப்படித் தாங்கினால் எனக்கும்தான் நூற்றிருபது வரும் என்று அடுப்படியில் நின்று பொருமுவேன்.

அந்த வருஷம் சொர்க்கவாசல் ஏகாதசி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அந்த ஒரு விரதத்தை மட்டும் அவள் பல்லில் தண்ணீர் படாமல் இருப்பாள். காபியை முதல் நாள் தசமியிலேயே நிறுத்திவிடுவாள். மிஷின் அவள் கையில் உறுமி நின்றபோது நூற்றெழுபத்தெட்டு காட்டியது. என் கணவர் முதல் முறையாக வாசிக்காமல் விழித்தார். மிஷின் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பட்டையை என் கையில் கட்டினார். எனக்கு வழக்கமான எண்தான் வந்தது. மிஷினுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் பெரும்பாடு பட்டேன்.

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். ஆறுதல் சொல்லும் சாக்கில் நானும் பின்னாலேயே ஏறினேன். கட்டிலில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னி, யார்ட்டயும் சொல்லிடாதேங்கோ. ரொம்ப வருஷமா மாத்திரை போட்டுண்டுதான் இருக்கேன். விரதத்துல வாயில ஒண்ணும் போடப்படாதேன்னு நேத்திக்கும் இன்னிக்கும் விட்டுட்டேன்."

"மருந்துக்கு ஏதுடீ விரதம்?" என்றேன். அதற்குள் அவள் கணவர் வந்து டாக்டருக்குப் போன் செய்தார். அன்றைய மாத்திரையை மட்டும் உடனே போட்டுப் படுக்கச் சொன்னாராம். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். மாத்திரையை ஆரியசாலைக் கடைத்தெருப் பக்கம் போகும்போது தன் கணவரே வாங்கி வந்துவிடுவார் என்றும், தினமும் காபியோடு கொண்டுவந்து கொடுப்பார் என்றும், இன்றுவரை ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை என்றும் சொன்னாள்.

மறுநாளே நானும் மாத்திரையை ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் என் எண்ணும் இறங்கியது. என் கணவர் அதை வாசலில் நின்று அறிவித்தார், "எல்லாம் மாத்திரையிலதான் ஓடறது" என்று எதிர்வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னார். அப்போது கொழுந்தன் என்னைத் தாண்டி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கையில் காபி. மாத்திரையை மறைத்து மூடியிருந்த அந்த மறுகையைப் பார்த்தேன். நூற்றிருபதுக்காக நான் ஒருநாளும் இவ்வளவு வயிறெரிந்ததில்லை.