ஏ.சி. பைப்பை விட்டுக்கொடுத்த டாக்சிக்காரர்

இன்று கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து அப்பாவைச் சென்னையிலிருந்து கல்பாக்கத்துக்குக் காரில் அழைத்து வந்தேன். வழியில் ஏ.சி. சூடான காற்றை ஊதத் தொடங்கியது.

அப்பாவின் கழுத்தில் தோல் வெந்துபோயிருக்கிறது. வியர்வை பட்டாலே எரியும். அவர் மடியிலிருந்த துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

திருப்போரூரில் ஒரு ஏ.சி. மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். கடைக்கார பாய் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் நுரை கிளம்பியது.

"ஓஸ் பைப்புல ஓட்டை கீதும்மா. இப்ப கேஸ் அடிச்சா வூடு போறதுக்குள்ள போயிடும். புது பைப்பு நாளைக்குத்தான் வரும்."

பக்கத்தில் அதே மாடல் டாக்சி ஒன்று நின்றது. அதன் டிரைவர் தன் வண்டிக்கு வாங்கி வந்த புது பைப்போடு காத்திருந்தார். அப்பாவின் கழுத்தைப் பார்த்தவர் எழுந்து வந்தார்.

"பாய், இத்த அவங்க வண்டிக்குப் போட்டுடு."

"சாயங்காலம் உனக்கு ஏர்போர்ட் சவாரி கீதே?"

"வேற வண்டிய அனுப்பிடறேன். நைனா எப்படி உக்காந்துகினு கீறாரு பாரு."

நான் மறுத்தும் அவர் கேட்கவில்லை.

பைப்பை மாற்றி கேஸ் நிரப்பியதும் குளிர்ந்த காற்று வந்தது. அப்பா துண்டை விட்டுவிட்டு, பல நாள்களுக்குப் பிறகு கண்ணயர்ந்தார்.

நான் திரும்பிப் பார்த்தபோது டாக்சி கிளம்பிவிட்டிருந்தது. பதற்றத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

திருப்போரூர்க்காரர்களே, வெள்ளை டாக்சி. இந்த வெயிலில் நான்கு ஜன்னல்களும் இறங்கியிருக்கும். பார்த்தால் சொல்லுங்கள்.