வேலைக்கு வந்ததற்கு வாடகை

இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் க்ளெனிஸ் ஆர்மராட் இருபது வருடமாக உதவியாளர். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் அவள்தான். பெரிய டாக்டரும் அவளுக்குக் ‘கண்ணு’தான். அதே வார்டில் நர்ஸாக இருப்பதால் சொல்கிறேன், அவள் கையில் விழுந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அவள் வேலைக்கு வரும் நேரத்தில் பஸ் கிடையாது. கார்தான். அதை ஆஸ்பத்திரியில் நிறுத்த மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம், அதுவும் ஷிஃப்ட் நேரத்துக்கு மட்டும். தாண்டினால் கேமரா பிடித்து அபராதம் போட்டுவிடும். உழைக்க வருகிறவளிடம் வாசலிலேயே வசூலா? என்ன அநியாயம் இது!

முன்பு கார் நிறுத்தக் காசு போட்டுச் சீட்டு எடுத்த காலத்தில், நோயாளியைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நேரம் மிச்சமுள்ள சீட்டை எங்கள் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். கார் நம்பரைப் படிக்கும் கேமரா வந்து அந்தத் தர்மத்திலும் மண்ணைப் போட்டது.

போன நவம்பரில் ஒரு மாலை, யாருமில்லாத ஹார்கிரீவ்ஸ் கிழவருக்கு மூச்சு இழுத்தது. க்ளெனிஸின் ஷிஃப்ட் முடிந்திருந்தது.

“நீ கிளம்புடி, கேமராக்காரன் காத்துக்கிட்டிருப்பான்” என்றேன்.

“கிடக்கட்டும் கண்ணு. இந்த மனுசனுக்கு யாரு இருக்கா?”

கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு, உயிர் வெளியே போகட்டுமென்று எங்கள் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அபராதம் வந்தது. காரணத்தை எழுதி அனுப்பினாள். ‘பணி முடிந்தபின் தங்கியது ஊழியரின் சொந்த விருப்பம்’ என்று பதில் வந்தது. இருவரும் ஆஸ்பத்திரி மேலாளரிடம் போனோம்.

“கார் நிறுத்துற இடத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாச்சும்மா. என் கையில என்ன இருக்கு?” என்றார். அவர் காருக்கு மட்டும் வாசலருகே பெயர் எழுதிய இடம், இலவசமாக!

க்ளெனிஸ் அபராதத்தைக் கட்டினாள். அந்த வாரம் மதியம் வெறும் டீதான் குடித்தாள்.

ஈஸ்டருக்கு முன்பு எங்கள் வார்டிலிருந்த எண்ட்விசில் அம்மாளுக்கும் ஹார்கிரீவ்ஸ் கிழவரின் நிலைமைதான். க்ளெனிஸ் கிளம்பும் நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் இரும்மா” என்றார். நான் வேறொரு நோயாளியிடம் மாட்டியிருந்தேன். க்ளெனிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த விரல்களை மெதுவாகப் பிரித்தாள்.

“காலையில வந்துடறேன் கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் வந்தபோது படுக்கை காலி.

“யாராச்சும் கூட இருந்தீங்களா?” என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. இல்லையென்று தலையாட்டினேன்.

“என் காரு மட்டும் நேரத்துக்கு வெளிய போயிடுச்சு” என்றாள் க்ளெனிஸ்.