மூன்றாவது தொட்டில்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் ஜொகூர் பாரு பக்கம் வந்தால் ஷர்மினியையே கேட்டுக்கொள்ளலாம். நடந்ததும் பகலில்தான், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பேய்க்குக்கூட நேரம் காலம் தெரியாமல் போய்விட்டது, என்ன செய்வது?

ஷர்மினி ஜொகூரிலேயே ரெங்கம் என்ற ஊர்ப் பெண். தொட்டால் பாடும், நெருங்கினால் ஒளிரும் கலைப்படைப்புகள் செய்யப் போகிறேன் என்று தொழிற்சாலை வேலையை விட்டவள். வீட்டில் ஒரு வருடம் பொறுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் முடியப்போகும் நேரத்தில்தான் இளம் கலைஞர்களுக்கான கண்காட்சி வந்தது. பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் அவளுக்கும் ஓர் அறை கிடைத்தது. தேர்வாகும் ஒருவருக்குச் சிங்கப்பூரில் ஒரு வருடம் தங்கி வேலை செய்ய இடம் உண்டு. தேர்வாகாவிட்டால் மறுபடி அதே தொழிற்சாலைச் சீருடைதான். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் செய்தது ஒரு தோட்டத்து ஆயாக்கொட்டகை. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடம். உத்தரத்தில் மூன்று சேலைத் தொட்டில்கள். பார்க்க வருகிறவர்கள் கையில் இருப்பதை, பையோ ஹெல்மெட்டோ, தொட்டிலில் வைத்து ஆட்டலாம். கயிற்றில் இருக்கும் சென்சார் எடையைப் பிடித்ததும் தாலாட்டு கேட்கும். ஷர்மினியின் அம்மா கிருஷ்ணம்மா பாடிக் கொடுத்தது. எதிர்ச் சுவரில் ஷர்மினி வரைந்து புரொஜெக்டரில் ஓடவிட்ட, மரம் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் நிழல், வேலையை நிறுத்திவிட்டுத் தொட்டில் பக்கம் திரும்பும். எடையை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும்.

உத்தரம் மட்டும் அசல். பெக்கோக் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில் ஐயாசாமி என்பவரிடம் வாங்கியது. அதன் மூன்றாவது கொக்கியில் ஒரு பழைய சேலைத் தொட்டில் அப்படியே தொங்கியது. உள்ளே ஒரு குழவிக்கல்.

"இந்தக் கல்ல மட்டும் எடுத்துடாதீங்க, தங்கச்சி. வெறுந்தொட்டில ஆட்டக் கூடாது," என்றார் ஐயாசாமி.

எல்லா வீட்டிலும் சொல்வதுதானே என்று ஷர்மினி பெரிதாகத் தலையாட்டிவிட்டு, தொட்டிலோடு உத்தரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் கல் இருந்தால் எடை இருக்கும், எடை இருந்தால் பாட்டு நிற்காது. கல்லை எடுத்து அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். சென்சார் பூஜ்யம் காட்டியது. அப்பாடா என்றிருந்தது.

கண்காட்சி தொடங்கி இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், யாருமே இல்லாத அறையில் தாலாட்டு கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்றாவது தொட்டில். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் லேப்டாப்பில் எடை ஏறியிருந்தது... மூன்று கிலோ.

ஒயர் கோளாறு என்று சென்சாரை மாற்றினாள். எடை போகவில்லை. முதல் தொட்டிலின் சென்சாரை இதிலும், இதனுடையதை அதிலுமாக மாற்றி மாட்டினாள். அப்போதும் மூன்றாவதில்தான் எடை. முதல் தொட்டில் பேசாமல் இருந்தது.

கண்காட்சியை நடத்தும் ஆப்ரின் கீழேயிருந்து படியேறி வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"யாராச்சும் பிள்ளைய விட்டுட்டுப் போய்ட்டாங்களா? கீழ வரைக்கும் சத்தம் கேக்குது லா."

அம்மா பாடிய ஒலிப்பதிவில் குழந்தைச் சத்தமே கிடையாது. ஷர்மினி அதைச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் கொஞ்சம் இரையுது என்று சமாளித்துவிட்டாள். அன்றிலிருந்து அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கதவருகே போவாள், கல்லைப் பார்ப்பாள், திரும்பி வருவாள்.

தேர்வுக் குழு வந்த மத்தியானம் நல்ல மழை. ஆப்ரின் அவர்களை மேலே அழைத்து வந்தாள். ஷர்மினி பேச வாயெடுத்தாள்.

க்ரீச்... க்ரீச்...

மூன்றாவது தொட்டில் தானாக ஆடியது. தாலாட்டு தொடங்கியது. நிழல் திரும்பியது.

பாட்டுக்கு நடுவே ஒரு சிணுங்கல். பிறகு அழுகை. வீறிட்டு அழுகிற அழுகை.

குழுவில் ஒரு பெண்மணி முகத்தைச் சுளித்தார். ஏதாவது பழுதா என்று ஆப்ரினிடம் கேட்டார். பேனாவை மூடினார்.

ஷர்மினிக்குச் சீருடை ஞாபகம் வந்தது. வேறெதுவும் வரவில்லை. கயிற்றைப் பிடித்தாள். வெறுந்தொட்டிலை ஆட்டினாள்.

வெறுமையாக இல்லை.

கனமாக இருந்தது... வெதுவெதுப்பாக இருந்தது.

அழுகை நின்றது.

சுவரிலிருந்த நிழல் அவளைப் பார்த்தது. தொட்டிலை அல்ல. அவளை.

பிறகு திரும்பி, மரம் வெட்டப் போய்விட்டது. பிள்ளையை ஒருத்தியிடம் ஒப்படைத்தவள் போல. அப்படி ஓர் அசைவை ஷர்மினி வரையவே இல்லை.

எல்லாரும் கைதட்டினார்கள்.

அவள்தான் தேர்வானாள். வீட்டில் பாயாசம் வைத்தார்கள். கண்காட்சி முடிந்து எல்லாவற்றையும் பிரித்தபோது மூன்றாவது தொட்டில் பூஜ்யம்தான் காட்டியது. சேலையும் சில்லென்று இருந்தது. தொலைந்தது சனி என்று நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்காமல் ஐயாசாமிக்குப் போன் செய்தாள். அவர் எடுத்த எடுப்பிலேயே கல்லைப் பற்றித்தான் கேட்டார். எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"அந்தத் தொட்டிலுல ஒரு கைப்பிள்ள போச்சு, தங்கச்சி. தாய்க்காரி காட்டுல மரம் வெட்டிக்கிட்டு இருந்தா. ஆயா அசந்து தூங்கிட்டாங்க. ஆட்ட ஆளில்லாம அழுது அழுதே... அப்புறந்தான் கல்லு போட்டு வெச்சாங்க. நீங்க வெறுந்தொட்டில ஆட்டலியே?"

"இல்லண்ணே," என்றாள் ஷர்மினி.

சிங்கப்பூர் போகுமுன் மருத்துவச் சோதனை. எடை பார்க்கும் மெஷினில் ஏறினாள். நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், பையை இறக்கி வைக்கச் சொன்னாள். பை நாற்காலியில் இருந்தது. கையில் ஒன்றுமில்லை. போன மாதம் இதே கிளினிக்கில் பார்த்ததைவிட மூன்று கிலோ கூடியிருந்தது.

"ஏன் சாய்ஞ்சு நிக்கிறீங்க?" நர்ஸ் மலாயில் கேட்டாள். "நேரா நில்லுங்க."

ஷர்மினி குனிந்து பார்த்தாள். இடது இடுப்பு ஒரு பக்கமாகத் துருத்தி நின்றது. இடது கை எதையோ அணைத்தபடி வளைந்திருந்தது.

வலது கை, அவளைக் கேட்காமலே, மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.