பட்டு வெட்ட வராத கை

நாகல் நகரில் ஜோஸ்பினைத் தெரியாத மணப்பெண் கிடையாது. பதினாறு வருஷமாய் ஜாக்கெட்டும் கல்யாண கவுனும் தைத்தவள். அப்படிப்பட்டவள் முப்பத்தெட்டு வயசில், எட்டு வயசு மகள் அன்னாளை வாத்தியார் புருஷன் பெலிக்ஸிடம் விட்டுவிட்டு லண்டனுக்குத் தையல் படிக்கப் போகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "தைக்கத் தெரிஞ்சவளுக்கு என்னத்தடி படிப்பு?" என்று வாய்க்கு வந்ததைப் பேசியது. அங்கே இருந்த அண்ணன் பிராங்கிளின்தான் சேர்த்துவிட்டான். அது இரண்டாயிரத்து நாலு, அக்டோபர். ஏப்ரலில் பரீட்சை, மே மாசம் மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாய் நற்கருணை வாங்குகிற நாள். அன்றைக்குப் போடுகிற வெள்ளைக் கவுனை நானே வந்து தைப்பேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் பிளேன் ஏறினாள்.

கார்செட் தைக்கிற படிப்பு லேசுப்பட்டதா என்ன? கார்செட் என்றால் மார்பிலிருந்து இடுப்புவரை உடம்பை இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு. பன்னிரண்டு துண்டு, ஒவ்வொரு தையல் மேலேயும் ஒரு இரும்புப் பட்டை. இங்கே அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் சோலி முடிந்தது. அங்கே ஆளை நிறுத்தி டேப் பிடித்து, காகிதத்தில் வரைந்து, காடாத் துணியில் தைத்துப் பார்த்து, பிரித்து, மறுபடி வரையணும். நூறு வருஷத்துப் பழைய முறையும் தெரியணும், புது முறையும் தெரியணும். நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போகும். சாயங்காலம் அண்ணன் வீட்டில் சோற்றைப் பிசையக்கூடத் தெம்பு இருக்காது. குளிர் வேறு, சனியன், எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பரீட்சைக்குப் பட்டுத்துணி கொடுத்தார்கள். அங்கேதான் சறுக்கினாள். ஜாக்கெட்டின் பக்கவாட்டில் உள்ளே ஒரு விரல் துணி விடாத டெய்லர் நம்ம ஊரில் உண்டா? கல்யாணம் ஆன நாலாம் மாசம் பிரித்துவிடச் சொல்லி வந்து நிற்பார்களே! கார்செட்டில் அந்தத் துணியை ஒட்ட நறுக்கிவிட வேண்டும் என்று டீச்சர் மிஸஸ் வெப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். காடாவில் ஜோஸ்பினும் நறுக்கத்தான் செய்தாள். பட்டுத்துணியைக் கண்டதும் நறுக்க மனசு வரவில்லை. பன்னிரண்டு துண்டிலும் விரல் அகலம் விட்டே தைத்துவிட்டாள். உள்ளே துணி தடித்து, இரும்புப் பட்டை ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. போட்டுப் பார்த்த பெண்ணுக்கு மூச்சு முட்டியது.

"இவ்வளவு துணி எதற்கு?" என்றாள் டீச்சர்.

"நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சுவிடணுமே, மேடம்."

டீச்சர் பெயிலாக்கிவிட்டாள். ஜூலையில் மறுபடி பரீட்சை என்று சொல்லிவிட்டாள்.

ஜூலை! அப்போ மே மாசப் புதுநன்மைக்கு ஊரில் இருக்க முடியாதே. எல்லாத்தையும் போட்டுவிட்டு ஊருக்கே போயிடலாமா என்று மூணு நாள் மருகினாள். "இம்புட்டுத் தூரம் போயிட்டு வெறுங்கையோடயா வருவ? முடிச்சுட்டே வா" என்றான் பெலிக்ஸ் போனில். அலுப்பில் எதிர்த்துப் பேசக்கூடத் தோன்றவில்லை. இருந்துவிட்டாள்.

புதுநன்மை அன்றைக்கு ஊருக்குப் போன் போட்டாள். கவுன் கடையில் வாங்கினதாம்.

"ஏன் கண்ணு, அம்மா மேல கோவமா?"

"இல்லம்மா."

"அம்மா வரலைன்னு அழுதியா?"

"எதுக்கு அழணும்? நீ வரமாட்டேன்னு எனக்கு முன்னாடியே தெரியும். எங்க ஸ்கூல் சகாயசெல்வி டீச்சர்தான் தலை சீவி விட்டாங்க. எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாங்கம்மா, வச்சிரவா?"

"வச்சிரு" என்றாள் ஜோஸ்பின்.

ஜூலையில் வகுப்பிலேயே முதலாவதாகப் பாஸானாள். அன்றைக்கு அவள் யாருக்கும் போன் போடவில்லை.