அம்மா சொல்லாத பெயர்

என் பிரசவத்துக்காக அமெரிக்காவுக்கு, ஃப்ரீமான்டுக்கு வந்த அம்மாவும் அப்பாவும், பேத்தியை விட்டுப் போக மனமில்லாமல் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார்கள். அது இரண்டாயிரத்து நான்கு. டிக்கெட்டைத் தள்ளிப்போட முடிந்தது. ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த பிரஷர் மாத்திரையைத்தான் இழுக்க முடியவில்லை. கடைசி அட்டைக்கு வந்துவிட்டது.

இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை தர மாட்டார்கள். விசிட்டர் இன்சூரன்ஸோ, பழைய வியாதி என்றால் கையை விரித்துவிடும். ஞாயிறு பூசை முடிந்து காபி குடிக்கும்போது ஓர் ஆன்ட்டிதான் குறைந்த செலவில் பார்க்கும் கம்யூனிட்டி கிளினிக் பற்றிச் சொன்னார்.

"காலைல எட்டு மணிக்கு லைன் ஓப்பன் ஆகும். கரெக்டா கால் பண்ணிடு. கொஞ்சம் லேட் பண்ணினாலும் அன்னிக்கு ஸ்லாட் எல்லாம் போயிடும்."

மறுநாள் எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். வெகுநேரம் ஹோல்டில் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் லைனில் வந்தாள். புது நோயாளி என்றால் அவரே பேச வேண்டும் என்றாள். எனக்குக் கவலையில்லை. அம்மா ரிட்டயர்ட் கணக்கு டீச்சர், ஆங்கிலம் என்னைவிடச் சுத்தம். தன் பெயரைச் சொன்னாள், பிறந்த தேதியைச் சொன்னாள். லாஸ்ட் நேம் என்னவென்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

பாஸ்போர்ட்டில் அம்மாவின் லாஸ்ட் நேம், அப்பாவின் பெயர். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அதைச் சொன்னதே இல்லை. 'என்னங்க', 'உங்கப்பா', இவ்வளவுதான். அது ஒரு புனிதரின் பெயர் வேறு. கோயிலில் புனிதர்களின் மன்றாட்டு மாலை படிக்கும்போது அந்த ஒருவர் வரும் இடத்தில் மட்டும் அம்மாவுக்கு இருமல் வந்துவிடும். அந்தப் புனிதர் என்ன நினைத்துக்கொண்டாரோ!

"என் வீட்டுக்காரர் பெயர்தான்" என்றாள் அம்மா ஆங்கிலத்தில். அது என்ன பெயர் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் ஃபோன் பக்கம் குனிந்து சொன்னேன். நோயாளி மட்டும் பேசட்டும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த இழுபறியில் அன்றைய ஸ்லாட்டுகள் தீர்ந்தன.

எனக்கு வந்ததே கோபம்!

"பேர்தானேம்மா? மாத்திரை தீந்தா என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு? ஸ்பெல்லிங்காவது சொல்லேன்!"

"அதுவும் பேர்தானேடி. வர மாட்டேங்குது. நான் வேணும்னேவா பண்றேன்?"

அதற்குப் பிறகு அம்மா ஃபோன் பக்கமே வரவில்லை. மாத்திரை தீர்ந்தது. மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் தலைசுற்றி ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள். அப்பாதான் அடுப்பை அணைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். அவருக்கு முகம் வெளுத்திருந்தது.

"எட்டு ஆகப் போகுது" என்று கார்ட்லெஸ் ஃபோனை அம்மா கையில் கொடுத்தார். "நான் வெளிய போய் நிக்கறேன். நீ சொல்லிடு."

பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டார். வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அம்மா கதவையே பார்த்தபடி பேசினாள். லாஸ்ட் நேம் கேட்டபோது, வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் குரலில், பட்டென்று சொன்னாள். காது நுனிவரை முகம் சிவந்துவிட்டது. அன்று மதியமே டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை கிடைத்தது, இரண்டொரு நாளில் தலைசுற்றலும் நின்றது. வீடு பழையபடி ஆனது.

அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். அன்று எட்டு மணிக்கு அம்மாவே ஃபோனை எடுத்தாள். அப்பா வெளியே போகவில்லை, எதிரிலேயே காபியோடு உட்கார்ந்திருந்தார். பழைய நோயாளி என்பதால் பெயரும் பிறந்த தேதியும் போதும் என்றார்கள். அம்மா இரண்டையும் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கூப்ட்டியா?"

அம்மா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆமா" என்றாள்.