ஒரே போர்டு, இரண்டு கேபிள்

போர்டு வரைகிற தொழிலில் பெரிய கஷ்டம், நாம் வரைவதற்கு முன்பே முதலாளி வாக்குக் கொடுத்துவிடுவதுதான். இதே பிழைப்பில் இருப்பவர்கள் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள்.

இடம் இருக்கே

ராஜபாளையத்தில் எங்களுடையது சின்னக் கம்பெனி. துணியில் ஓட்டை, கறை கண்டுபிடிக்கும் கேமராவுக்கு சர்க்யூட் போர்டு செய்கிறோம். செட்டியார்பட்டி பேண்டேஜ் மில்லில் ஒரு கேமராவுக்குக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருந்தது. அதற்குக் காப்பர் கேபிள் போதும். இன்னொன்றுக்குக் கம்ப்யூட்டர் வெகுதூரம். ஃபைபர் கேபிள் வேண்டும். "ரெண்டுக்கும் ஒரே போர்டு" என்று முதலாளி சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை மில்லில் நடக்கும் சோதனையில் படம் வராவிட்டால் இனி டிசைன் வேலை கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போகும், நான் பழைய போர்டு துடைக்கப் போக வேண்டும் என்றும் சொன்னார். அது அவ்வளவு சுலபமில்லை சார் என்றேன்.

"ரெண்டு சாக்கெட்டு வைக்க எடம் இருக்குல்லா? பொறவு என்னம்மா?"

காலி இடம்

சிப்பிலிருந்து வரும் சிக்னல் பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். அங்கே கடுகைவிடச் சிறிய கெபாசிட்டர்களைக் காப்பர் பக்கம் வைத்தால் காப்பர் வேலை செய்யும், ஃபைபர் பக்கம் வைத்தால் ஃபைபர். இரண்டு பக்கமும் வைத்தால், சிக்னல் வேண்டாத பக்கம் போய் முட்டித் திரும்பிப் படத்தைக் கெடுத்துவிடும்.

முதல் மாதிரியில் திரை முழுக்க எள்ளைத் தூவியதுபோல் புள்ளி. மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சால்டர் வைக்கும் முத்துலட்சுமி அக்கா இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தார்.

"ஏட்டி, பல்லு விழுந்த வாயாட்டம் நாலு எடம் காலியா கெடந்துச்சு. பாக்கிறவுக அரைகுறை வேலம்பாகன்னு நானே போட்டு விட்டேன்."

டிபன் பாக்ஸ்

அக்காவிடம் கெஞ்சி, காப்பருக்கு ஒன்று, ஃபைபருக்கு ஒன்று என அதே டிசைனில் இரண்டு போர்டு செய்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவற்றை உறையில் போட்டு, துணி சுற்றி, டிபன் பாக்ஸில் அடுக்கினேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குச் சோறு கட்டும்போது இம்புட்டுப் பதனமா ஒரு நாளும் கட்டுனதில்ல."

வெள்ளிக்கிழமை

மில்லில் காப்பர் போர்டை மாட்டினேன். நூல் நூலாகப் படம் வந்தது. முதலாளிக்கு முகமெல்லாம் பல். மில் சூப்பர்வைசர் செல்லையா அண்ணன், ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று காலியாக இருந்த சாக்கெட்டிலும் ஃபைபர் கேபிளைச் செருகி வைத்திருந்தார். நான் கவனிக்கவில்லை. "இப்பப் பாருங்க" என்று மில் ஓனரைக் கூப்பிட்டு, காப்பர் கேபிளைப் படக்கென்று உருவினார்.

திரை இருட்டு. அந்தப் போர்டில் ஃபைபர் பக்கம் கெபாசிட்டரே கிடையாதே. முதலாளி என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். டிபன் பாக்ஸைத் திறந்து, ஃபைபர் போர்டை எடுத்து மாற்றினேன். படம் வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மில் ஓனர் மட்டும் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒரே போர்டுன்னுல்லா சொன்னீக? பொறவு இது எதுக்கு?"

ஆர்டர் கிடைத்தது, என் டிசைன் மேசையும் தப்பியது, அவருடைய அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் முதலாளி இன்றுவரை என்னைத்தான் செட்டியார்பட்டிக்கு அனுப்புகிறார்.